பிட்டிஃபுல்

ரசம் ஊற்றிய டப்பாவை அம்மா மூடிக்கொண்டிருந்தபோதுதான் மகள் அதைச் சொன்னாள். "யூ ஆர் பிட்டிஃபுல், அம்மா."

டப்பா மகளுடைய அப்பாவுக்கு. எட்டு வருஷத்துக்கு முன்னால் வேறொருத்தியோடு போனவர். அந்த வேறொருத்தியும் போய்விட்டாள். இப்போது வலது கையை உடைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு தனியாகக் கிடந்தார். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்துக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

அவளுக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. அந்தச் சொல் பல்லிடுக்கில் மாட்டிய நார்போலத் தொந்தரவு செய்தது. மறுநாள் தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், ஒரு பிரேமுக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டே யோசித்தாள். பியூட்டிஃபுல் என்றால் அழகு நிறைந்தது. கேர்ஃபுல் என்றால் கவனம் நிறைந்தது. பிட்டி என்றால் இரக்கம்; அப்படியானால் இது இரக்கம் நிறைந்ததல்லவா? அதைச் சொல்லியா பெண் முகத்தைச் சுளித்தாள்?

சாப்பாட்டு வேளையில் போனில் தேடினாள். அவள் நினைத்தது சரிதான், ஆனால் பல நூறு வருஷத்துக்கு முன்னால். முதலில் இரக்கம் உள்ளவரைக் குறித்த சொல், பிறகு இரக்கப்பட வேண்டியவரைக் குறித்தது. கடைசியில் 'சீ' என்று ஒதுக்குகிற அளவுக்கு இறங்கிவிட்டது. வாழ்ந்து கெட்ட குடும்பத்தைப் பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு. அதன் வேரைத் தேடினால் இன்னும் ஆச்சரியம்: லத்தீனில் பக்திக்கும் கடமைக்கும் இரக்கத்துக்கும் ஒரே தாய்ச்சொல். சோறு ஆறிப்போனதுகூடத் தெரியாமல் படித்தாள்.

சாயங்காலம் மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள். "நேத்து நீ சொன்னது பழைய அர்த்தமா, புது அர்த்தமா?"

விஷயம் புரிந்ததும் மகள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "பழைய அர்த்தம் செத்து எவ்வளவோ காலமாச்சும்மா. நான் கேவலமாத்தான் சொன்னேன்."

"சரி. மழுப்பாம சொன்னியே."

"அவர் பாவம்னுதானே போறே?"

"அதாண்டி எனக்கும் புரியல. தப்பு பண்ணாலும் பாவம்ங்கிறோம். அடிபட்டுக் கெடந்தாலும் பாவம்ங்கிறோம். உங்கப்பாகிட்ட ரெண்டும் இருக்கு. நான் எதைப் பார்க்கப் போறேன்னு போனாத்தான் தெரியும்."

அடுத்த ஞாயிறு, கூப்பிடாமலேயே மகள் காரில் வந்து உட்கார்ந்தாள். "சும்மா வர்றேன். உள்ள வரமாட்டேன்" என்றாள். ஆனால் அப்பா இருந்த கட்டடத்தின் மூன்று மாடியும் ஏறி வந்தாள்.

கதவைத் திறந்தவர் சட்டைப் பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். மனைவியாக இருந்தவளின் தோளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்ததும் கதவை விட்டு விலகினார். சட்டென்று திரும்பி, இடது கையால் ஒரு நாற்காலியை மகளுக்காக இழுத்தார். நாற்காலியின் கால் தரைவிரிப்பில் சிக்கிக்கொண்டது. மறுபடி இழுத்தார். விரிப்பும் சேர்ந்து சுருண்டுகொண்டு வந்தது.

அம்மாவின் கை தானாக நீண்டது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். மகள் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்தபடி அந்த நாற்காலிக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூன்றாவது முறை இழுத்தார்.

ஒரு கை பையிலிருந்து மெதுவாக வெளியே வந்தது.