நிறமற்றது, மணமற்றது

இயந்திரத்தின் முன் நின்று தலையிலிருந்த துப்பட்டாவை மெதுவாக விலக்கினேன். மொட்டைத் தலையில் வெயில் சுரீரென்று பட்டது. கண்ணாடிக்குள் ஒரு வட்டம் சுழன்று என் முகத்தைத் தேடியது. பிறகு சிவப்பானது. "முகம் பொருந்தவில்லை" என்றது ஒரு பெண்குரல், மரியாதையாக.

வாட்ச்மேன் உலகநாதன் ஸ்டூலை விட்டு எழுந்து வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு, லேப் பொண்ணா? இன்னாம்மா இது கோலம்?"

"திருத்தணியில வேண்டுதல்ண்ணா. அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது."

"நல்லாத்தான் கீது, சின்னப் புள்ளையாட்டம். மெஷினுக்குத்தான் பக்தி பத்தல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மறுபடி நின்றேன். மறுபடி சிவப்பு.

திருமழிசை தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருக்கிறது எங்கள் கம்பெனி. கேன் தண்ணீர் போடும் இடம். நான் வேதியியல் படித்தவள். தினமும் தொட்டிகளிலிருந்து நீர் எடுத்துச் சோதிப்பது என் வேலை. நான் 'சரி' என்று போட்டால்தான் அந்தத் தொட்டி நீர் கேனில் இறங்கும். 'நிறுத்து' என்று போட்டால் இறங்காது. வாசலில் என் முகத்துக்குப் பச்சை விழுந்தால், உள்ளே லேப் கம்ப்யூட்டர் என் பெயரில் தானாகத் திறந்துகொள்ளும். பாஸ்வேர்டு என்று தனியாக ஒன்று கிடையாது. போன மாதம்தான் இந்த ஏற்பாடு வந்தது. முகத்தை யாரும் திருட முடியாது என்றார்கள்.

சனிக்கிழமை இரண்டாம் தொட்டிக்கு 'நிறுத்து' போட்டிருந்தேன். சோதனைத் தட்டில் இருக்கவே கூடாத கிருமி, ஊதாப் புள்ளிகளாக வளர்ந்திருந்தது. தட்டு நிறையப் புள்ளிகள். தொட்டியைக் காலி செய்து கழுவ வேண்டும் என்று மேனேஜர் ஸ்ரீநாத்திடம் சொல்லிவிட்டுத்தான் திருத்தணிக்குப் போனேன். அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

உலகநாதன் தன் மேசையிலிருந்த திரையை எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏம்மா, நீ ஏற்கெனவே உள்ள கீற."

"என்னண்ணா?"

"காலைல வேன் வந்துச்சே, அப்பவே உள்ள போயிக்கிற. பாரு."

பார்த்தேன். என் பெயர். பக்கத்தில் என் முகம். தோளின் முன்னால் எடுத்துப் போட்ட பின்னல், வலது காதோரம் கனகாம்பரம். பச்சைக் கோடு. நான் அப்போது பூந்தமல்லியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மொட்டையோடு கம்பெனி வேனில் ஏறக் கூச்சமாக இருந்தது. வேனில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால்தான் தனியாக வந்தேன்.

ஸ்ரீநாத்துக்குப் போன் செய்தேன்.

"மொட்டையா? அதுக்கென்னங்க, புதுசா முகம் பதிஞ்சுக்கலாம். கேமரா என் டேபிள்லதான் இருக்கு. உள்ள வாங்க."

"உள்ள வர முடியல சார். மெஷின் விடல."

"அப்படியா." தட்டச்சு சத்தம் கேட்டது. "இல்லையேங்க, நீங்க உள்ளதான் இருக்கீங்க. உள்ள இருக்கிறவங்களை நான் எப்படி உள்ள விட முடியும்?"

அவர் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் எனக்கு முதலில் பயம் தந்தது.

"சார், ரெண்டாவது தொட்டி..."

"அதான் காலைல நீங்களே சரி போட்டுட்டீங்களே. தேங்க்ஸ்ங்க. நல்ல நேரத்துல கை கொடுத்தீங்க." போனை வைத்துவிட்டார்.

காவ்யாவின் ஞாபகம் வந்தது. பாட்டிலிங் பகுதியில் வேலை செய்கிறாள், குத்தம்பாக்கத்துப் பெண். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து மொபைலில் ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்வாள். போன வாரம் வந்த பாடம் கதைகளிலிருந்து பிறந்த பெயரடைகள். தர்க்கம் இல்லாத நிலைமைகளைச் சொல்ல அங்கே அத்தனை சொற்கள் இருந்தன. ஒன்று ஓர் எழுத்தாளரின் பெயரிலிருந்தே செய்தது. குற்றம் என்னவென்று சொல்லாமல் வழக்கு நடக்கும், கதவு திறந்திருக்கும், ஆனால் நுழைய முடியாது. அப்படிப்பட்ட நிலைமைக்கு அந்தச் சொல். இன்னொன்று ஒரு நாவலின் தலைப்பிலிருந்து வந்தது. வெளியே போக அனுமதிக்கும் விதியே வெளியே போக விடாமல் தடுக்கும்.

"நம்ம ஆளுங்க யாரும் ஏன்டி இதுக்கெல்லாம் பேரு வெக்கல?" என்று காவ்யா கேட்டாள்.

"நமக்கு 'அது அப்படித்தான்' போதும்" என்றேன். வேனே சிரித்தது. நான் சொன்னதற்கு நாலு பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

எனக்கு அந்தச் சொற்கள் பிடிக்கவில்லை. கல்லூரியில் எங்களுக்குப் பெயரடைகள் குறைவு. நிறமற்றது. மணமற்றது. நீரில் கரையக்கூடியது. பார்த்தது மட்டும்தான் எழுத வேண்டும். எழுத்தாளரின் பெயரை ஒட்டவைத்த சொல்லை எந்தக் குடுவையில் ஊற்றி அளப்பது?

காவ்யாவைப் போனில் அழைத்தேன். கம்பிக் கதவின் உள்பக்கம் ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் வாயில் கைவைத்தாள்.

"அய்யோ, முட்டையாட்டம் கீறடி."

"காவ்யா, என் பேர்ல யாரு உள்ள போனது?"

அவள் உலகநாதனைப் பார்த்தாள். அவர் தள்ளிப் போய் நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பேசினாள்.

"நீதான்டி. உன் போட்டோ. நம்ம ஆயுத பூஜைக்கு எட்த்தோமே, அத்த மெஷினாண்ட காட்னேன். லேட்டானா அரை நாள் சம்பளம் கட் பண்ணுவானேன்னு. காலேஜ்ல ப்ராக்ஸி குடுக்கறதில்ல? அந்த மாரி. சும்மா வெளாட்டாதான் காட்னேன், அது பட்டுனு பச்ச காட்டிச்சு."

"என் கம்ப்யூட்டர் திறந்திருக்கும்."

"தெறந்துதான் இருந்துச்சு. ஸ்ரீநாத் சார் போயி குந்திக்கினு இருந்தாரு. நீ அப்பறமா வந்து, ஏதோ அவர்கிட்ட சொல்லிட்டு வெளிய போயிருப்பன்னு நெனச்சேன்."

போட்டோ உள்ளே போயிருக்கிறது. நான் வெளியே நிற்கிறேன். போட்டோ தொட்டி நீருக்குச் 'சரி' போட்டிருக்கிறது. நாளை யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால், கேட்டு வருகிறவர்கள் போட்டோவைத் தேடி வரமாட்டார்கள்.

"காவ்யா, நான் உள்ள இல்லைன்னு எல்லாருக்கும் சொல்லணும். இப்பவே."

அவள் முகம் மாறியது. "அப்ப காட்னது யாருன்னு கேப்பானுங்க. கேமரா கீதுடி. என்னத் தூக்கிருவானுங்க. எங்கூட்ல நான் ஒருத்திதான் சம்பாரிக்கிறேன், உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

"சொல்லாத, ப்ரியா. ஒருவாட்டி. உன் நல்லதுக்குத்தானே பண்ணேன்?"

உள்ளே லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. நீல கேன்கள் அடுக்கடுக்காக, கயிறு கட்டிய லாரி. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் போகிற முதல் லோடு. அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கும் அதிலிருந்துதான் ஒரு கேன் இறங்கும். ஆபரேஷன் முடிந்த அம்மாவுக்குக் காய்ச்சாத தண்ணீர்தான் பிடிக்கும். போன் செய்தேன். அம்மா எடுக்கவில்லை. மதியம்வரை தூங்குவாள். கேன் போடும் பையன் கதவருகே வைத்துவிட்டுப் போய்விடுவான்.

ஸ்ரீநாத்துக்கு மறுபடி அடித்தேன். "அந்த 'சரி'யை ரத்து பண்ணணும் சார்."

"தாராளமாப் பண்ணலாம்ங்க. போட்டவங்க லேப்ல உட்கார்ந்து பண்ணணும்." கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அன்பாகச் சொன்னார். "இல்ல, நீங்க வெளியதான் இருக்கீங்கன்னா, உள்ள இருக்கிறது யாருன்னு சொல்லுங்க. போலீஸ்ல சொல்லிக்கலாம்."

கம்பிக்குப் பின்னால் காவ்யா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அவர் குரல் கேட்டிருக்காது. ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுத்தாளர் பெயரில் செய்த அந்த ஆங்கிலச் சொல் நாக்கு நுனிக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு எதையும் நிறுத்த முடியாது.

"வெயில்ல நிக்கிற, மயக்கம் வரப் போவுது. இந்தாம்மா." உலகநாதன் கேனைச் சாய்த்து ஒரு தம்ளரில் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார். "புது கேனு. காலைல உள்ளேர்ந்து குட்த்தாங்க. நாங்கல்லாம் அப்பலேர்ந்து இத்தத்தான் குடிச்சிக்கினு கீறோம்."

வாங்கிக்கொண்டேன். சில்லென்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நிறமற்றது. மணமற்றது.

"அண்ணா, அதக் குடிக்காதீங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஹாரன் அதை விழுங்கிவிட்டது.

லாரி வாசலுக்கு வந்துவிட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டி இயந்திரத்துக்கு முகம் காட்டினான். பச்சை. தடுப்புக் கட்டை மேலே எழும்பியது. கட்டை இருந்த கோட்டின்மேல் நான் போய் நின்றேன். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

"யம்மா, ஓரம் போ! காது கேக்கல?" டிரைவர் கத்தினான்.

"ஜெயப்பிரியா!" இது உலகநாதன். "அவன் ப்ரேக்க நம்பாத, இப்டி வா!"

காவ்யா மட்டும் கூப்பிடவில்லை. இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்திருந்தாள்.

லாரி எனக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. பம்பரின் சூடு என் முட்டியில் தெரிந்தது. நான் அசையாமல்தான் நின்றேன். எஞ்சினின் அதிர்வில் தரை நடுங்கியது, தம்ளரில் நீர் வளையம் வளையமாக நடுங்கியது. பக்கத்தில் இயந்திரம் விழித்துக்கொண்டது. வட்டம் மெல்லச் சுழன்று, என் முகத்தை மறுபடி தேடத் தொடங்கியது.