என்ஜின் ஆறும் இடம்

கண்டக்குழிக் கரையிலிருந்து டொல்பின் பார்க்கப் போகிறவர்கள் படகோட்டி முஆஸிடம் கட்டாயம் கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது. இவ்வளவு பெரிய கடலில் அவை எங்கே இருக்குமென்று உங்களுக்கு எப்படித் தெரியும்? முஆஸ் ஆளைப் பார்த்துப் பதில் சொல்வான். வெளிநாட்டுக்காரர் என்றால் பறவைகள். கொழும்புக் குடும்பம் என்றால் தண்ணீரின் நிறம். பிள்ளைகள் கேட்டால் மூக்கைச் சுருக்கிக் காற்றை இழுத்து, "மணக்குது" என்பான். மூன்றில் ஒன்றும் பொய்யில்லை என்றுதான் அவன் நம்பியிருந்தான்.

எரிபொருள் எண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்ற வருடம் அந்த நம்பிக்கைக்குக் கேடு வந்தது. படகுகளுக்குச் சொந்தக்காரரான லொட்ஜ் முதலாளி முனாஸ் ஹாஜியார், அவை எந்த இடத்தில் எண்ணெயை வீணாக்குகின்றன என்று பார்க்கும்படி றிஷ்னாவிடம் சொன்னார். றிஷ்னா கற்பிட்டிக்காரி. கொழும்பில் கணினி படித்துவிட்டு, வாப்பாவுக்குச் சுகமில்லாமல் போனதால் ஊர் திரும்பி, லொட்ஜில் அறைகளுக்குப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படகிலும் பாதுகாப்புக்கென்று பூட்டியிருந்த சிறு கருவி, படகு போன வழியையெல்லாம் சேமித்து வைத்திருந்தது. அவற்றைக் கணினியில் ஏற்றியது போதாதென்று, படகோட்டிகளிடம் அவள் இன்னொரு வேலையும் கொடுத்தாள். படகைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும், ஏன் திருப்புகிறோம் என்பதைக் கைபேசியில் சத்தமாகச் சொல்லிப் பதிய வேண்டும். முஆஸுக்கு அது பிடித்திருந்தது. கலியாண வீட்டில் மைக் பிடித்தவனைப் போல அந்த மாதம் முழுக்கப் பேசித் தள்ளினான்.

ஒரு பகல், விருந்தாளிகள் சாப்பிட்டு எழும்பிப் போன பிறகு, ஓலைக் கூரைக்குக் கீழே அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். மற்றப் படகை ஓட்டும் நிக்கொலஸும் பால் விடாத பிளேன்டீயோடு வந்து சேர்ந்தான். கணினித் திரையில் கடல் வெளிர் நீலமாகக் கிடந்தது. அதன்மேல் மயிரிழை போலக் கோடுகள், கரையிலிருந்து வெளியே, நூற்றுக்கணக்கில்.

"இந்தாப் பாருங்க முஆஸ் நானா, இதுதான் நீங்க," என்றாள் றிஷ்னா. அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் அவனைக் கூப்பிடுவாள்.

"இதை விட நான் கொஞ்சம் வடிவுதானே."

"இல்லடா, இதேதான்," என்றான் நிக்கொலஸ். "தலைமயிர்தான் கொஞ்சம் கூடிப் போச்சு."

றிஷ்னா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "உங்கட மூண்டு சீசனையும் கொம்பியூட்டருக்குக் காட்டினன். பொறகு காத்து எந்தப் பக்கம், நீரோட்டம் எந்தப் பக்கம் எண்டு மட்டும் சொல்லிட்டு, இண்டைக்கு முஆஸ் நானா எங்க திரும்புவாரு எண்டு கேட்டன். அநேகமாச் சரியாச் சொல்லுது."

"அப்ப என்னை வீட்ட அனுப்பப் போறீங்க."

"அதில்ல. நீங்க சொன்ன காரணங்களையும் போட்டுப் பாத்தன். குருவியக் கண்டு திரும்பினன் எண்டு சொல்லுறீங்க. குருவி இல்லாத நாளிலயும் அந்த இடத்திலதான் திரும்புறீங்க. அண்டைக்குத் தண்ணி நிறம் எண்டு சொல்லுறீங்க."

"நான் பொய் சொல்லுறன் எண்டா?"

"இல்ல நானா. திரும்பிட்டுத்தான் காரணம் தேடுறீங்க. எல்லாரும் அப்படித்தான், நானும்தான். உள்ளுக்கு என்னமோ முடிவெடுக்குது. பொறகு வாய் அதுக்கு ஒரு கதை கட்டுது."

"என்ட மனுசி இதைக் கலியாணம் முடிச்ச கிழமையே கண்டுபிடிச்சிட்டா," என்றான் நிக்கொலஸ். "கொம்பியூட்டர் ஒண்டும் தேவைப்படல்ல."

முஆஸ் சிரிக்கவில்லை. "அப்ப என்னைப் பத்தி என்னை விட அதுக்குத் தெரியுமா?"

"நீங்க எங்க திரும்புவீங்க எண்டு தெரியும். ஏன் எண்டு தெரியா."

"ஏன் எண்டு எனக்கும் தெரியாதெண்டுதானே இப்ப சொன்னீங்க."

"ஓம்."

"சரி, அதுக்குத் தன்னைத் தெரியுமா? தான் ஏன் அப்படிச் சொல்லுது எண்டு?"

றிஷ்னா கோடுகளின் மேல் விரலை ஓட்டினாள். "கேட்டா ஏதும் சொல்லும். நீங்க குருவி எண்டு சொன்ன மாதிரி."

பிறகு அவள் திரையில் ஓரிடத்தைப் பெரிதாக்கினாள். வாரிவிட்ட தலைமயிர் போல நேராகப் போன கோடுகள் எல்லாம் அங்கே வடக்குப் பக்கமாக வளைந்து, நெருங்கி, ஒரு புள்ளியைச் சுற்றிக்கொண்டு மறுபடி தங்கள் வழிக்கு வந்தன. குழந்தையின் உச்சியில் இருக்கும் சுழியைப் போலிருந்தது.

"இது ஒண்டுதான் எனக்கு விளங்கல்ல. வெளிய போகக்குள்ள எல்லா நாளும் இந்த வளைவு. அந்த இடத்தில ஒரு நாளும் ஒரு டொல்பினும் கண்டதில்ல. ஆனா படகை மெதுவாக்கி நிப்பாட்டுறீங்க. இதுக்கு மட்டும் நீங்க காரணம் மாத்தல்ல. கேளுங்க."

அவள் பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டாள். அலைச் சத்தத்துக்கு நடுவே முஆஸின் குரல்: என்ஜின் சூடாகிட்டு, கொஞ்சம் ஆறட்டும். இன்னொரு நாள், பின்னணியில் யாரோ ஒரு பிள்ளை அழ: என்ஜின் சூடாகிட்டு, கொஞ்சம் ஆறட்டும். இன்னொரு நாள். இன்னொரு நாள். சொற்கள் மாறவில்லை, இழுத்துச் சொல்லும் விதம்கூட மாறவில்லை.

"போன வருசம் வாங்கின என்ஜின் நானா. சூடாகிறதில்ல எண்டு மெக்கானிக்கும் சொல்லுறாரு. பழைய என்ஜினிலயும் இதே இடத்திலதான் நிப்பாட்டியிருக்கிறீங்க. ஹாஜியார் இந்த வளைவை எடுக்கச் சொல்லுறாரு. எண்ணெய் மிச்சம்."

"எடுத்தாப் போச்சு," என்றான் முஆஸ். "நாளையிலிருந்து நேரா விடுறன்." அப்படிச் சொன்ன குரலும் வேறு யாருடையதோ போல அவனுக்குக் கேட்டது.

பள்ளிவாசல்துறையிலிருக்கும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் குரல் கூடவே வந்தது. வெயில் மங்கி, உப்பங்கழிக் களப்புத் தண்ணீர் பால் கலந்தது போல அசையாமல் கிடந்தது. ஒரு கொக்கு தன் நிழலின் மேலேயே நின்றது. தான் நடப்பதைத் தானே பின்னாலிருந்து பார்ப்பது போல ஒரு மயக்கம். எந்தக் காலை முதலில் வைக்கிறேன் என்று கவனித்தான். கவனித்ததும் மணலில் தடுக்கிக்கொண்டான்.

வீட்டில் அவனுடைய ராத்தா, மூத்த சகோதரி ஹாஜரா, பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர்களுடைய சின்ன வயதில், போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் துரத்தப்பட்டபோது, படகேறி இந்தப் புத்தளப் பக்கம் வந்த குடும்பம் அது. போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு, இப்போதுதான் ஹாஜரா பிள்ளைகளோடு அங்கே திரும்பிப் போக முடிவெடுத்திருந்தாள். அடுத்த கிழமை லொறி வருகிறது.

"இங்க முப்பது வருசமா அகதி ஆக்கள் எண்டு சொன்னாங்க," என்று சேலை மடித்துக்கொண்டே சொன்னாள். "போன மாசம் மன்னாருக்குப் போனா, புத்தளத்து ஆக்கள் வந்திரிக்காங்க எண்டு சொல்லுறாங்க. லொறியிலேயே குடியிரிந்தா நல்லம் போல."

போவதற்கு முன் அவளுக்கு ஒரே ஒரு ஆசை மட்டும் பாக்கி இருந்தது. அது முஆஸுக்கும் தெரியும். அன்று அந்தப் படகில் அவர்களுடைய தங்கச்சி றஹ்மாவும் இருந்தாள், கைக்குழந்தை. மழையும் காய்ச்சலும் சேர்ந்து கடலிலேயே உயிர் பிரிந்து மவுத்தாகிவிட்டாள். எந்தக் கரையில் எப்போது இறங்குவோம் என்று தெரியாத நிலையில், பெரியவர்கள் ஜனாஸாத் தொழுது அவளைத் தண்ணீரிலேயே இறக்கினார்கள். ஹாஜரா முன்பக்கம் வாந்தியும் மயக்கமுமாகத் துணியால் தலையை மூடிக் கிடந்தாள். முஆஸ் பின்னால், வாப்பாவின் மடியில். எந்த இடம் என்று உம்மா கண் மூடும் வரை அவனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நீ பின்னுக்குத்தானே இரிந்தாய் மகன். ஒவ்வொரு முறையும் அவன் சொன்னது ஒன்றுதான்: தெரியா உம்மா. அது உண்மை. அவனுக்கு அந்தப் பயணத்தில் மழையைத் தவிர எதுவும் ஞாபகமில்லை. அந்த இடத்தில் நின்று றஹ்மாவுக்காக ஒரு துஆக் கேட்க வேண்டும் என்பதே இப்போது ஹாஜராவின் ஆசை.

பேச்சுக்குத்தான் அவன் கணினிக் கதையை எடுத்தான். குருவிக் கதைக்கு அவள் நன்றாகச் சிரித்தாள். வளைவுக்கு வந்து, தன் குரலைத் தானே நக்கலடித்து, "என்ஜின் சூடாகிட்டு, கொஞ்சம் ஆறட்டும்" என்று இழுத்துச் சொல்லிக் காட்டினான்.

ஹாஜராவின் கை சேலையிலேயே நின்றுவிட்டது.

"இன்னொருக்காச் சொல்லு."

சொன்னான்.

"அது வாப்பாட பேச்சுடா." அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "படகு நிண்டிச்சு. ஏன் வாப்பா நிக்கிது எண்டு நீ கேட்டாய். துணிக்குள்ள கிடந்து நான் கேட்டனான். ஒண்டுமில்ல மகன், என்ஜின் சூடாகிட்டு, கொஞ்சம் ஆறட்டும், நீ கரையப் பாரு எண்டு உன்ட மூஞ்சிய அங்கால திருப்பினாரு. அப்பதான் பிள்ளைய இறக்கினது."

முஆஸ் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் லொட்ஜில் விருந்தாளிகள் இல்லை. றிஷ்னா கதையைக் கேட்டுவிட்டு, அந்தப் புள்ளியைக் கைபேசியில் குறித்துக் கொடுத்தாள். "ஹாஜியாருக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். போயிட்டு வாங்க," என்றாள்.

காலைக் கடலுக்கு நிறமில்லை. வானம் முடிந்து தண்ணீர் தொடங்கும் இடம் தெரியாமல், படகு எதன் மேலோ மிதந்து போவது போலிருந்தது. ஹாஜரா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடுவில் இருந்தாள். முஆஸ் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது வளைக்குமா, இப்போதா என்று. கையோ மரக்கட்டை போலக் கிடந்தது. ஒருமுறை படகை வளைத்தான். அது தானாக வளையவில்லை, தான்தான் வளைத்தது என்று உடனே தெரிந்தது. கடைசியில் கைபேசியைப் பார்த்தே ஓட்டினான். நீலப் புள்ளி சிவப்புப் புள்ளியின் மேல் ஏறியதும் படகை நிறுத்தினான்.

தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"இதுவா?" என்றாள் ஹாஜரா.

"கொம்பியூட்டர் இதெண்டுதான் சொல்லுது."

"நீ என்ன சொல்லுறாய்?"

"எனக்குத் தெரியா ராத்தா. ஒண்டும் விளங்கல்ல."

அவள் அவன் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள். "அண்டைக்கு எங்கட படகில கொம்பியூட்டர் இரிக்கல்லையே," என்றாள். "அதைப் பையில போடு. கரைக்குப் போ. பொறகு சும்மா டொல்பின் பாக்கப் போற மாதிரி வா. நானும் இன்னும் டொல்பின் கண்டதில்ல."

"எண்ணெய் ராத்தா."

"அதை அந்த லொட்ஜ் பிள்ளை பாத்துக்கொள்ளும். நீ விடு."

கரைக்குக் கிட்டப் போய் மறுபடி வெளிக்கிட்டார்கள். ஹாஜரா இந்த முறை வாய் மூடவில்லை. மன்னாரில் பக்கத்து வீட்டு ஆடு, தாங்கள் கட்டிமுடிக்காத வீட்டுக்குள் புகுந்து, சமைக்கும் குசினிக்கென்று விட்ட இடத்தில் குட்டி போட்டிருந்ததைச் சொன்னாள். ஆட்டுக்காரி வந்து, உங்கட வீட்டில பரக்கத்தும் செழிப்பும் இரிக்கி, இனி எங்கட ஆடு இங்கதான் குட்டி போடும் என்று முடிவாகச் சொல்லிவிட்டுப் போனாளாம்.

"நீ என்ன சொன்னாய்?"

"நான் என்ன சொல்ல? கதவு போடுற வரைக்கும் ஆடு உள்ளுக்கு, நாங்க வெளிய எண்டன். அவ அதுக்கும் யோசிச்சிட்டு, சரி எண்டுட்டுப் போறா!"

முஆஸ் வாய்விட்டுச் சிரித்தான். உன்ட கலியாணத்தண்டு பிரியாணிச் சட்டி கவிழ்ந்தது ஞாபகமா என்று அவள் தொடங்க, அவன் அதை மறுக்க, சட்டியைக் கவிழ்த்தது யார் என்பதில் இருவரும் பழையபடி மல்லுக்கட்டினார்கள். படகின் வேகம் குறைந்தது. சத்தம் தணிந்து தணிந்து நின்றது. சின்ன அலை ஒன்று படகின் வயிற்றைத் தட்டிப் போனது.

"ஏன் நிப்பாட்டினாய்?" என்றாள் ஹாஜரா.

"என்ஜின் சூடாகிட்டு ராத்தா, கொஞ்சம் ஆறட்டும்," என்றான் முஆஸ். பிரியாணிச் சட்டியின் சிரிப்பு இன்னும் அவன் முகத்தில் இருந்தது.

ஹாஜரா மெல்ல எழுந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டி, என்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் பார்க்கும்போது வைப்பது போல. காற்றிலும் தெறித்த நீரிலும் அது குளிர்ந்து கிடந்தது.

கையை எடுத்து முக்காட்டைச் சரிசெய்தாள். படகின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் ஏந்தினாள். உதடுகள் மட்டும் அசைந்தன. கைபேசி பைக்குள்தான் இருந்தது. அதை எடுத்துப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

முஆஸ் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தென்னைகளின் மங்கிய கோடும் அதன் நடுவே ஒரு சிறு இடைவெளியும். எவ்வளவு நேரமாக அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. கன்னத்தில் யாரோ வைத்த கையை மெதுவாக விலக்குவது போல, முகத்தை இந்தப் பக்கம் திருப்பித் தண்ணீரைப் பார்த்தான்.