முப்பத்தொன்று நாற்பது

மில்லிமீட்டர் என்று அவளுக்குப் பேர் வைத்தது கூட வேலை பார்க்கிற அண்ணன்தான். குழாய்க்குள் கேமரா வண்டி ஓட்டுகிற வேலைக்கு அவள் வந்து ஆறு வருஷமாகிறது. இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன அளவு ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. அவள் கை காட்டின இடத்தில் தோண்டினால் விரிசல் அங்கேதான் இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, உழைத்துச் சம்பாதித்த பெருமைதானே.

அன்று மதியம் இரண்டு தெரு தள்ளி அடுத்த குழிக்குள் வண்டியை இறக்கினாள். செருப்பு டப்பா அளவுதான் அந்த வண்டி. ஆறு சக்கரம், முன்னால் ஒரு விளக்கு, ஒரு கேமரா, பின்னால் வால் மாதிரி நீளக் கேபிள். ஆள் நுழைய முடியாத சாக்கடைக் குழாய்க்குள் அது பாட்டுக்கு ஊர்ந்து போகும். வேனுக்குள் உட்கார்ந்து அவள் திரையில் பார்ப்பாள். எத்தனை மீட்டர் போயிருக்கிறது என்று திரையின் மூலையில் எண் ஓடிக்கொண்டிருக்கும். அந்த எண் சரியாக வர ஒரே ஒரு காரியம்தான் செய்ய வேண்டும். வண்டி குழாயின் வாயில் நிற்கும்போது பூஜ்யம் பொத்தானை அழுத்த வேண்டும்.

அழுத்தப் போன விரல் அப்படியே நின்றது. காலையில் இதை எங்கே அழுத்தினோம்?

காலையில் வண்டியை ரோட்டில் இறக்கி வைத்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் போன் செய்தார், கத்தரிக்கோல் எங்கே என்று. வீட்டிலிருக்கிற கத்தரிக்கோலைத் தானே தேடி எடுக்கிற புருஷன் எந்த ஊரில் இருக்கிறானோ தெரியவில்லை. "ரெண்டாவது டிராயர், கண்ணத் தொறந்து பாருங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு கையால் பொத்தானை அழுத்திய ஞாபகம் இருக்கிறது. வண்டி அப்போது குழாய் வாயில் இருந்ததா, ரோட்டிலேயே இருந்ததா என்பதுதான் ஞாபகம் இல்லை.

காலைப் பதிவை ஓட்டிப் பார்த்தாள். தார் ரோடு, ஒரு காய்ந்த இலை. குழியின் சுவர் கீழிருந்து மேலே நகர்ந்தது. அப்புறம் வட்டமாகக் குழாயின் வாய். மூலையில் எண்: 3.20.

அங்கே பூஜ்யம் இருந்திருக்க வேண்டும்.

காலையில் பார்த்தது ஒரு வீட்டுக் குழாய். மூன்று நாளாக அடைத்துக்கொண்டு கழிப்பறை பொங்கி வழிகிற வீடு. முப்பத்தொன்று நாற்பதில், அதாவது 31.40 மீட்டரில், மர வேர் சடையாகத் தொங்குகிறது என்று அவள் சொன்னாள். சடைக்கு அடியில் வண்டியை நுழைத்து அந்தப் பக்கமும் பார்த்தாள். அங்கே, முப்பத்து நாலு அறுபதில், குழாயின் குறுக்கே இன்னொரு குழாய், மஞ்சளாக. எரிவாயு. எப்போதோ பூமிக்கடியில் துளை போட்டு எரிவாயுக் குழாய் செருகினவர்கள், கண் தெரியாமல் சாக்கடைக் குழாயையே ஊடுருவிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எரிவாயுக்காரர்கள் வர இரண்டு நாளாகும் என்றார்கள். "அதுவரைக்கும் அந்த வீட்டு ஜனம் என்ன பண்ணும்? வேரை மட்டும் வெட்டிடுங்க. முப்பத்தொன்னு நாப்பது, அதுக்கு மேல ஒரு சாண்கூடப் போகக் கூடாது" என்றார் சூப்பர்வைசர். வெட்டுகிறவர் அண்ணன். சுழலும் கத்தியைக் கம்பி முனையில் மாட்டி உள்ளே தள்ளுகிற மெஷின் அவருடையது. கம்பியில் முப்பத்தொன்று நாற்பதை அளந்து, அங்கே நிறுத்த அடையாளமாகச் சிவப்பு டேப் சுற்றிக்கொண்டிருந்தார், அவள் கிளம்பும்போது.

ஒவ்வொரு அளவிலும் மூன்று இருபதைக் கழிக்க வேண்டும். வேர் இருப்பது இருபத்தெட்டு இருபதில். மஞ்சள் குழாய் இருப்பது முப்பத்தொன்று நாற்பதில். டேப் சுற்றின அதே இடம்.

அண்ணனுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. எப்படி எடுப்பார், காதில் சத்தம் தடுக்கிற மூடி, போன் சாப்பாட்டுப் பையில். சூப்பர்வைசர் போனில் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். வேனை எடுக்கலாம் என்றால் கேபிள் குழிக்குள் கிடக்கிறது. அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

ஆறு வருஷமாக உட்கார்ந்தே வேலை செய்த உடம்பு. முதல் தெரு முனையிலேயே மூச்சு வாங்கியது. பாவி, ஒரு கத்தரிக்கோலுக்காக அண்ணனைக் கொல்லப் பார்த்தாயே என்று தன்னையே வைதுகொண்டு ஓடினாள். அண்ணிக்கு என்ன பதில் சொல்வது என்று நினைப்பு ஓடியது. சீ, வாயைக் கழுவு என்று அந்த நினைப்பையும் வைதாள். இரண்டாவது தெருவில் திரும்பினதும் மெஷின் சத்தம் கேட்டது. கேட்டதும் உயிர் வந்தது. சத்தம் கேட்கிறவரை எதுவும் ஆகவில்லை. சத்தம் கேட்கிறவரை கத்தியும் போய்க்கொண்டிருக்கிறது. ஓடினாள்.

அண்ணன் முதுகு காட்டிக் குனிந்திருந்தார். கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. வீட்டிலிருந்து வந்த வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

அண்ணன் காது மூடியைக் கழற்றினார். "என்னம்மா, கரண்ட் போயிடுச்சா?"

 சிவப்பு டேப்பைப் பார்த்தாள். குழாய் வாய்க்கு வெளியே ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"தப்பாயிடுச்சுண்ணா. ஜீரோவ ரோட்டுலயே போட்டுட்டேன். மூணு இருபது கூடுதலா சொல்லிட்டேன். அந்த டேப் இருக்கிற அளவுலதான் கேஸ் குழாய் இருக்கு."

அண்ணன் டேப்பைப் பார்த்தார்.  வாசலில் அந்த வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு எட்டிப் பார்த்தாள். "தண்ணி நல்லா போகுதுங்க. முடிஞ்சிடுச்சா?"

"பிள்ளையோட கொஞ்சம் வெளிய வந்து தள்ளி நில்லும்மா" என்றார் அண்ணன், சாதாரணமாக. பிறகு கம்பியைக் கையாலேயே, அங்குலம் அங்குலமாக வெளியே இழுத்தார்.  கத்தி வெளியே வந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இருபத்தெட்டுலயே வேர் சிக்குச்சு" என்றார். "நல்ல கனம். வெட்டினதும் தண்ணி சரசரன்னு போச்சு. வேலை முடிஞ்சதுன்னு கைக்குத் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏண்ணா நிறுத்தல?"

"நீ முப்பத்தொன்னு நாப்பதுன்னு சொன்னியேம்மா."

திட்டியிருந்தால் தேவலை. நாலு பேர் முன்னால் அறைந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அவள் அழுதாள், வாயைப் பொத்திக்கொண்டு.

அப்புறம் வேனைக் கொண்டுவந்தார்கள். அண்ணன் குழிக்குள் இறங்கி, கேமரா வண்டியைத் தன் கையாலேயே குழாய் வாயில் வைத்து, "இப்ப அழுத்து" என்றார். அழுத்தினாள். வேனுக்கு வந்து அவள் பக்கத்தில் நின்று அவரும் திரையைப் பார்த்தார். இருபத்தெட்டு இருபதில் வெட்டுப்பட்ட வேர்களின் முனைகள். முப்பது. முப்பத்தொன்று. முப்பத்தொன்று நாற்பதில், விளக்கு வெளிச்சத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல் மஞ்சள் குழாய்.

"காலைல நடந்ததையும் ரிப்போர்ட்ல எழுதிடு."

"எழுதறேண்ணா."

அதற்குப் பிறகு அவர் அவளை மில்லிமீட்டர் என்று கூப்பிடவில்லை. ஒவ்வொரு குழியிலும் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் வேன் கதவருகே வந்து நிற்கிறார். "ஜீரோ எங்கம்மா போட்ட?" என்று கேட்கிறார். வாயிலதாண்ணா என்கிறாள். சரி என்று சொல்லிவிட்டு, பதிவின் முதல் நிமிஷத்தை ஓட்டிக் காட்டச் சொல்கிறார்.