ஜோடிப் பப்பாளி

இன்பராஜ் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் குவாலிட்டி பார்த்து ரிட்டயர் ஆனவர். இடது ஷூவையும் வலது ஷூவையும் மேஜையில் சேர்த்து நிறுத்தி, கண்ணை இடுக்கி, ஒரு நூல் ஏறி இறங்கியிருந்தாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவார். ரிட்டயர் ஆன பிறகு தள்ளிவிட ஒன்றும் கிடைக்காமல் கை நமநமவென்றது. அந்த நேரம் பார்த்து அவர் மனைவி மேகலா ஒரு பப்பாளியை அறுத்தாள்.

குப்பைக்குப் போன விதையை மறித்து வாங்கிச் சாம்பலில் தேய்த்தார், நிழலில் உலர்த்தினார், பன்னிரண்டு பால் கவரில் ஊன்றினார். முளைத்து ஒரு சாண் வளர்ந்ததும் துவைக்கிற கல்லில் ஜோடி ஜோடியாக நிறுத்திப் பார்த்தார். உயரம், பருமன், இலைக் கணக்கு எல்லாம் ஒத்துப்போனது ஒரே ஒரு ஜோடி. மீதிப் பத்துக்கும் அம்பு.

"பத்தையும் தூக்கிப் போடணுமா? செடிய இன்னா கால்லயா மாட்டப் போறீங்க?" என்றாள் மேகலா.

"குவாலிட்டி பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஹலீமா பீ எட்டிப் பார்த்தாள். "அதுல ஒண்ணு எனக்குக் குடுங்கண்ணா."

"அது கோணல் பீஸும்மா."

"நானும் கோணல்தான். குடுங்க."

மே மாதம் இன்பராஜின் ஜோடி நீள நீளமாகச் சரம் தொங்கவிட்டுப் பூத்தது. ஒரு சரத்துக்கு நூறு பூ என்றால் எத்தனை பழம் என்று கணக்குப் போட்டவர், நேரே சர்ச்சுக்கு, சபைச் செயலர் ஜான்சனிடம் போனார். விளைச்சலைக் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் முதல் பொருள் தன்னுடையது என்று நோட்டீஸில் அச்சேற்றினார்: 'திரு. இன்பராஜ் தம் கரத்தால் விதைத்த முதற்கனி.' சபையின் ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் விதைத் தேர்வு பற்றி முக்கால் மணி நேரம் பேசவும் செய்தார்.

பூத்தது, உதிர்ந்தது. மறுபடி பூத்தது, உதிர்ந்தது. வெயில் ஜாஸ்தி என்றார், உப்புத் தண்ணி என்றார். பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது தேங்காய் பறிக்க வந்த வேலு அண்ணாந்து பார்த்தான்.

"ரெண்டும் ஆம்பள மரம் சார். பூத்துக் காட்டும், காத்துல ஆடும். காய் மட்டும் வெக்காது."

"அப்ப நம்ம வீட்டுல மொத்தம் மூணு" என்றாள் மேகலா.

இன்பராஜுக்கு உடனே வாணியம்பாடித் தங்கச்சியின் முட்டிவலி ஞாபகம் வந்தது. பண்டிகை நடக்கும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போயே ஆகவேண்டும். பையைக்கூட எடுத்து வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை மதிலின்மேல் ஒரு பப்பாளி வந்து உட்கார்ந்தது. சின்னப் பூசணி கணக்காக இருந்தது. அதன் வயிற்றில் சிவப்பு அம்பு.

"அன்னிக்குச் செடில நீங்க ஒட்டினதுதாண்ணா. ஜன்னல்ல ஒட்டி வெச்சிருந்தேன்" என்றாள் ஹலீமா பீ. "விதை உங்களுது. நோட்டீஸ்ல ஒரு பொய்யும் இல்ல. எடுத்துட்டுப் போங்க."

இன்பராஜ் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு பக்கம் புடைச்சிருக்கு."

"அப்ப வாணியம்பாடிக்கே போங்க" என்றாள் மேகலா.

அவர் சத்தமில்லாமல் ஸ்டிக்கரை உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஏலத்தில் பழத்துக்கு அடிதடி. ஜான்சன் மைக்கை நீட்டி, "இதோட ரகசியம் இன்னா சார்?" என்று கேட்டான்.

இன்பராஜ் தொண்டையைச் செருமினார். "செலக்ஷன்" என்றார்.

திங்கட்கிழமை, தன்னைச் சந்தி சிரிக்க வைக்கப் பார்த்த இரண்டு மரத்தையும் வெட்டக் கத்தியோடு போனார். மதிலுக்கு மேலே ஹலீமா பீயின் தலை தெரிந்தது.

"வெட்டிடாதீங்கண்ணா. அதுங்க பூவாலதான் என் மரம் காய்க்குதாம். வேலு சொன்னான்."

இன்பராஜ் கத்தியை இறக்கினார். முகத்தில் பழைய களை திரும்பியது. "பாத்தியா மேகலா? நம்ம ஜோடி இல்லாம அங்க ஒரு காய் இல்ல."

"பாத்தேன்" என்று குடத்தை நீட்டினாள் மேகலா. "ஊத்துங்க."

இப்போது தினமும் காலையில் அந்த ஜோடிக்கு ஆளுக்கு ஒரு குடம், அளவு மாறாமல் ஊற்றுகிறார். பழம் மதிலுக்கு அந்தப் பக்கம்.