மச்சினன் கல்யாண ஃபோல்டர்

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி அன்று காலை கோப்புகளைத் தேடித்தரும் மூன்றாவது மென்பொருளை இறக்கினாள். கணவர் பதினெட்டு வருடமாகச் சேர்த்த வரைபடங்கள், கையேடுகள், ஸ்கேன் செய்த குறிப்புகள் எல்லாம் வீட்டுக் கணினியில்தான் கிடந்தன. நாற்பதாயிரம் கோப்புகள். பாதிக்குப் பெயர் ‘புதுசு’, மீதிக்கு ‘புதுசு 2’.

முதல் மென்பொருள் கோப்பின் பெயரோடு நின்றுகொண்டது. இரண்டாவது, ஒரு வார்த்தை கேட்டால் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தது. இது கோப்புக்குள்ளேயே புகுந்து படிக்குமாம், ஸ்கேன் செய்த பக்கத்தைக்கூட. எல்லாவற்றையும் படித்து முடிக்க இரண்டு மணி நேரம் கேட்டது. அதற்குள் சமையலை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

‘பிரேக்’ என்று தட்டத் தட்ட, ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டியல் சுருங்கியது. ஒன்பதாயிரம், எண்ணூறு, அறுபத்திரண்டு. கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. அவளுக்குக் கை பரபரத்தது. தன் பெயரைத் தட்டினாள்: பத்தொன்பது. மாமியார் பெயரைத் தட்டினாள்: இருநூற்றுப் பத்து.

“அதானே” என்றாள்.

அப்போது, ஓர் அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதுபார்க்கப் போயிருந்த கணவரிடமிருந்து போன் வந்தது.

“ஏம்மா, வசமா மாட்டிக்கிட்டேன். பழைய போர்டைக் கழட்டிட்டேன், புதுசுல ஒயர் கலரே வேற. எது எங்க போகும்னு தெரியல. குடோன்ல கிடந்த போர்டு, அதைச் செஞ்ச கம்பெனியை மூடியே பத்து வருஷமாச்சு. கால்ல கட்டுப் போட்ட அம்மா ஒருத்தங்க கீழே காத்துட்டிருக்காங்க. அவங்க வீடு ஒன்பதாவது மாடி.”

“புது போர்டு நம்பரைச் சொல்லுங்க.”

“நம்ம கம்ப்யூட்டர்லயா? அதுல எதையாவது கண்டுபிடிச்சிருக்கோமா?”

“நம்பரைச் சொல்லுங்க.”

“எம் ஆர் அறுநூத்திப் பதினாலு.”

தட்டினாள். நானூறு, முப்பது, ஒன்று. அந்த ஒன்று இருந்த ஃபோல்டரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“உங்க ‘மச்சினன் கல்யாணம்’ ஃபோல்டர்ல, என் தம்பி போட்டோவுக்கு நடுவுல இருக்குங்க.”

“ஆமா... அன்னைக்குப் பழைய சூப்பர்வைசர் பென்டிரைவ்ல குடுத்தாரு. அப்படியே மொத்தமாக் கொட்டிட்டேன்போல.”

“வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கீங்க. எழுதிக்கோங்க. ஒண்ணுல சிவப்பு, ரெண்டுல மஞ்சள்...”

ஏழு ஒயரையும் இரண்டு தடவை படித்தாள். நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்தே நின்றாள். போனில் ஸ்குரூ டிரைவர் சத்தம், அவர் மூச்சு, பிறகு கனமாக ஒரு ‘டக்’. மோட்டார் மெல்ல உறுமத் தொடங்கியது.

“ஏறுது” என்றார் அவர், குரலே மாறி. “ஏறுதும்மா.”

அவள் மோட்டார் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். அது நின்று கதவு திறக்கும் மணி அடித்ததும்தான் மூச்சு விட்டாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் கை கழுவிவிட்டு நேராகக் கணினி முன்னால் போய் நின்றார்.

“கொஞ்சம் நகரு. நானும் ஒண்ணு தேடறேன்.”

“சாப்பிட்டுட்டுத் தேடுங்க.”

“நீ சாப்பிட்டியா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். கை மட்டும் அடுத்த வார்த்தையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.