பூட்டிய தொட்டி

பிரவீனா கையுறையைக் கழற்றியபோது விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்தான் இருந்தது. மெஸ் வாசலில் இருந்த பச்சைத் தொட்டியை மாநகராட்சி வண்டியில் கவிழ்க்கும்போது, எச்சில் இலைகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கவர் சரிந்தது. அதைப் பிடித்தாள். உள்ளேயிருந்த ஊசி கையுறையைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிட்டது. "ஒண்ணும் இல்லக்கா" என்று சேலையில் துடைக்கப் போனவளின் கையைப் பிடித்து, மெஸ் நடத்தும் சங்கரி குழாயடிக்கு இழுத்துப் போனாள். சாப்பாட்டுக் கடையில் ஊசிக்கு என்ன வேலை? இலையும் காய்த் தோலும் தவிர அந்தத் தொட்டியில் அவள் எதையும் போட்டதில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து மாத்திரை கொடுத்தார்கள். யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியாததால், சில மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்லமுடியும் என்றார்கள். திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோவில் பிரவீனா மெதுவாகக் கேட்டாள்.

"யக்கா, பாப்பாக்கு பால் குடுக்கலாமான்னு கேக்கவே இல்லியே."

சங்கரி ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். திரும்பிப் போய்க் கேட்டார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். அதன் பிறகு பிரவீனா முந்தானையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடியே ஐயம்பேட்டை வரை வந்தாள்.

அன்று சாயங்காலமே சங்கரி சங்கிலியும் பூட்டும் வாங்கித் தொட்டிக்குப் போட்டாள். மறுநாள் அதே மாதிரிக் கவர் மூடியின் மேலேயே உட்கார்ந்திருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் யாரோ வந்து போகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே இருட்டில் முக்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள்.

இப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், கவரை வைத்துவிட்டு நகர்ந்த கையை எட்டிப் பிடித்தாள். அடுத்த கட்டடத்து ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் தீபிகா. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தவர்களை, "சங்கரி மெஸ்ல சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சி வாங்க" என்று அனுப்பிவைக்கிற பெண். மெஸ்ஸின் காலை வியாபாரத்தில் பாதி அவள் வாயால் வருவதுதான்.

"வண்டிய நிறுத்திட்டாருக்கா எங்க சார். ஆஸ்பத்திரி குப்பை எடுக்கற வண்டி. நீயே மேனேஜ் பண்ணுன்னு சொல்லிட்டாரு. நா எங்க போவேன்?" அவள் அழுதாள். "என் பேர சொல்லிடாதீங்கக்கா."

அழுகிற முகத்தைப் பார்க்கும்போதே சங்கரிக்கு ஆட்டோவில் முந்தானையை இழுத்துப் பிடித்திருந்த கை நினைவுக்கு வந்தது. இவளை நாலு வார்த்தை கேட்டுவிடுவது சுலபம். கேட்டால் நாளைக்கு இன்னொரு தொட்டிக்குப் போவாள். அங்கே இன்னொருத்தி கையை விடுவாள்.

"உன் பேரு என் வாயில வராது. நீ போ."

கவரைத் தொட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பரிசோதனை நிலையத்து முதலாளியிடமே போய்க் கேட்கப்போவதாக இரவு சொன்னதும் அவள் கணவன் தர்மன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"அந்த ஆளப் பகைச்சிக்கினு காலையில யாருக்கு இட்லி போடப்போற?"

"வர்றவங்களுக்குப் போடுவோம்."

காலையில் கூட்டம் நெருக்கும் நேரத்தில் கல்லாவை தர்மனிடம் விட்டுவிட்டு, கவரை ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் வைத்து எடுத்துக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்குள் போனாள். நாற்காலிகள் நிறைய ஆட்கள். பாதிப் பேர் சற்று முன் அவள் கடையில் சாப்பிட்டுவிட்டு, இரண்டாவது தடவை ரத்தம் கொடுக்கக் காத்திருந்தவர்கள். முதலாளி தினேஷ் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

"இன்னாக்கா? உள்ள வாங்க, பேசலாம்."

"இங்கயே சொல்றேன் தம்பி. உங்க ஊசி, எங்க குப்ப எடுக்கற பொண்ணு கையில ஏறிடுச்சி. கொழந்தைக்குப் பால் குடுக்க முடியாம இருக்குது அது."

"எங்க ஊசின்னு எப்படி சொல்றீங்க? இந்தத் தெருவுல எத்தினி கிளினிக் இருக்குது."

சங்கரி பக்கெட்டைத் தரையில் வைத்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த கமலாட்சி அம்மா, பட்டு நூல் சுற்றிச் சுற்றிக் கண் மங்கி மூக்குக்கண்ணாடிக்கு வந்துவிட்டவர், குனிந்து பார்த்தார். கவர் கிழிந்த இடத்தில் மூடி போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்று தெரிந்தது. அதில் ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இது எம் பேராச்சே. போன வாரம் குடுத்ததுபா."

தினேஷ் குரலை இறக்கினார். "வண்டிக்கு சொல்லிடறேன். நாளைக்கு வந்து எடுத்துக்கும். நீங்க கெளம்புங்க."

"இன்னிக்கே வரட்டும். நா இருக்கேன்."

"இனிமே உங்க கடைக்கு ஒரு ஆளு வரமாட்டாங்க, தெரியுமில்ல?"

"தெரியும்."

அவள் காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். பக்கெட்டைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் தினேஷ் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. வார்த்தை விளங்கவில்லை.

உள்ளேயிருந்து தீபிகா கூப்பிட்டாள். "கமலாட்சி."

ரத்தம் கொடுப்பதற்காக மேலே ஏற்றிவிட்டிருந்த ரவிக்கைக் கையை அந்த அம்மா மெல்லக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. தீபிகா இன்னொரு பெயரைக் கூப்பிட்டாள். அவரும் எழவில்லை.