நன்றாகத் தேறியவர்

சட்டை தைக்கும் ஆலையில் அவருக்கு 'ரிஜெக்ட்' என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தது நாளடைவில் முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. தைத்து முடித்த சட்டைகளைத் தரம் பார்ப்பது அவர் வேலை. காலர் ஒரு நூல் கோணியிருந்தாலும் போதும், சட்டை மேசைக்கு அந்தப் பக்கம் போய் விழும். "செல்லாது, எடுத்துட்டுப் போ" என்பார். வீட்டிலும் அதே கதைதான். சாப்பாட்டில் உப்பு, திரைச்சீலையின் நிறம், மனைவி பார்த்து வைத்த வாடகை வீடு, எதற்கும் அவர் லேசில் தலையாட்டியதில்லை. "இந்த மனுஷன் வாயிலேருந்து ஒரு 'சரி' வாங்குறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சுப் போச்சு" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்தது. நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் ஊசி போட்டு, மூளையில் அடைத்திருந்த ரத்தக் கட்டியைக் கரைத்து, ஆளைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். இழுத்துக்கொண்ட வலது பக்கம் மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. இப்போது நடக்கிறார், தானே குளிக்கிறார், சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். பேச்சுதான் போய்விட்டது. அதுவாவது மொத்தமாகப் போயிருக்கலாம். ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. அந்தச் சொல் 'சரி'.

விதிக்கு இவ்வளவு குசும்பு ஆகாது. உள்ளே எல்லாச் சொற்களும் பத்திரமாகத்தான் இருந்தன. தண்ணீர் வேண்டும், ஜன்னலைச் சாத்து, என்னைக் கொஞ்சம் தனியாக விடு என்றெல்லாம் தெளிவாக நினைப்பார். வாயைத் திறந்தால் எல்லாமே 'சரி' என்றுதான் வரும். பென்சிலை எடுத்தால் வெறும் சுழியும் கோடும். தலையை ஆட்டி மறுக்கலாமே என்று கேட்பீர்கள். நிதானமாக இருக்கும்போது அது முடியும். யாராவது எதிரே உட்கார்ந்து பதிலுக்காக முகத்தைப் பார்த்தார்களோ போச்சு, தலையும் நாக்கோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு 'ஆமாம்' என்று ஆடும். மூளையில் அடிபட்ட இடம் அப்படி என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் கிடைத்த பேச்சுப் பயிற்சி ஒன்றுதான் அவருக்கு இருந்த பிடிமானம். போன வாரம் முதன்முறையாக 'வே' என்று ஓர் ஒலி எழுப்பினார். அது 'வேண்டாம்' என்பதன் தலை என்று மனைவிக்கு உடனே புரிந்தது. பயிற்சி அறையிலேயே அவள் அழுதுவிட்டாள்.

அந்தப் பயிற்சி ஓர் ஆராய்ச்சியின் தயவில் நடந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்கு எந்தச் சிகிச்சை, எந்தக் கவனிப்பு எவ்வளவு பலன் தருகிறது என்று ஆஸ்பத்திரியில் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதம் கழித்து ஒருவர் வீட்டுக்கே வந்து மதிப்பெண் போடுவார். இன்னும் தேறவில்லை என்றால் பயிற்சி தொடரும். நன்றாகத் தேறிவிட்டார் என்றால் அந்த இடம் வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போகும். ஆஸ்பத்திரியை விட்டால் பேச்சுப் பயிற்சி கொடுக்க அந்த ஊரில் வேறு ஆள் கிடையாது.

மதிப்பெண் போட வந்தவள் இளம்பெண். செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் கைக்கணினியை நிறுத்திக்கொண்டாள். குரலில் நல்ல மரியாதை இருந்தது. கண்ணை மூடுங்கள் என்றாள், மூடினார். மேசையில் இருந்த சாவியைக் காட்டுங்கள் என்றாள், காட்டினார்.

"ஐயாவுக்குக் கேக்குறதெல்லாம் நல்லாப் புரியுது" என்று மனைவியிடம் சொன்னாள். "அப்ப அவர் சொல்ற பதிலைத்தான்மா நான் எடுத்துக்கணும். அவரால பதில் சொல்ல முடியலைன்னாத்தான் உங்ககிட்ட கேப்பேன். முன்னாடி வீட்டுல உள்ளவங்க சொன்னதை எழுதினதுல ரொம்பத் தப்பு வந்துருச்சு."

அவருக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது என்பதுதான் கொடுமை. ஆலையில் இவளைப் போல ஒருத்தி கிடைத்திருந்தால் பக்கத்து மேசையிலேயே உட்கார வைத்திருப்பார்.

"தனியா வெளிய போய்ட்டு வருவீங்களாய்யா?"

"சரி."

"நினைச்சதை மத்தவங்ககிட்ட சொல்ல முடியுதா?"

"சரி." தலையும் ஆடியது.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அவர் எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். வேணும்னா நீங்க பொம்பளையான்னு கேட்டுப் பாருங்க."

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கேட்டுவிட்டாள். "ஐயா, நீங்க பொம்பளையா?"

"சரி" என்றார். சொன்ன கையோடு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு, அடக்க முடியவில்லை, தோள் குலுங்கியது. அவளும் சிரித்தாள்.

"ஐயா நல்லா கிண்டல் பண்றாரே" என்றாள். சந்தோஷமாக எதையோ தட்டிக்கொண்டாள். மனைவி அவரைப் பார்த்த பார்வையில், ஐயோ, நீங்களே கெடுத்துக்கொண்டீர்களே என்று இருந்தது. அவருக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"கிண்டல் இல்லம்மா. சத்தியமா அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும்."

"நீங்க அப்படிச் சொன்னீங்கன்னு தனியா குறிச்சுக்கிறேன்மா. ஆராய்ச்சி முடிஞ்சப்புறம் அதையும் பாப்பாங்க."

"முடிஞ்சப்புறம் பாத்து எங்களுக்கு என்னம்மா ஆகப்போகுது?"

அந்தப் பெண்ணின் முகம் வாடியது. அவள் கெட்டவள் அல்ல. அவள் கையில் இருந்த அளவுகோல் அவ்வளவுதான்.

"கடைசிக் கேள்விங்கய்யா. பேச்சுப் பயிற்சியை இத்தோட நிறுத்திக்கலாமா?"

அவர் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் அவருக்கு வழி தெரிந்தது. பதில் சொல்ல முடியவில்லை என்றால் மனைவியிடம் கேட்பாள் அல்லவா? நாக்கைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு, கண்ணை மேசையில் நட்டுக்கொண்டு உட்கார்ந்தார். 'வே' என்று முயன்று பார்க்கலாமா என்று ஒரு கணம் ஆசை வந்தது. உதடு பிரிந்தால் எது முந்தும் என்று அவருக்குத் தெரியும்.

மனைவி புரிந்துகொண்டாள். இத்தனை வருஷம் சண்டை போட்டதில் அவரது மௌனம் ஒவ்வொன்றும் அவளுக்கு அத்துப்படி. "பாத்தீங்களா, அவரால பதில் சொல்ல முடியல. நான் சொல்றேன், எழுதிக்குங்க. நிறுத்தக் கூடாது."

"மூணு தடவை கேக்கணும்மா. அப்புறம் உங்க பதிலைப் போட்டுக்கிறேன்."

இரண்டாவது தடவை கேட்டாள். அவர் மூச்சுக்கூட விடவில்லை. மனைவியின் கை மேசைக்கடியில் வந்து அவர் முழங்காலை அழுத்திக்கொண்டது. இன்னும் ஒரே ஒரு தடவைதான்.

அந்தப் பெண் எழுந்து வந்து அவர் பக்கத்தில் குனிந்தாள். நல்ல எண்ணத்தோடுதான் வந்தாள். பச்சைக் குழந்தையிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக, உரக்கக் கேட்டாள். "ஐயா. பயிற்சி. நிறுத்திக்கலாமா? நான். சொல்றது. புரியுதா?"

ஆலையில் ஆயிரம் பேர் நடுங்கிய மனிதரிடம், புரிகிறதா என்று கேட்டால்? உச்சந்தலைக்கு ஏறியது ரத்தம். புரிகிறது, உன்னைவிட நன்றாகப் புரிகிறது, நிறுத்தாதே, எனக்கு இதை விட்டால் வேறு கதி இல்லை என்று கத்தினார். "சரி! சரி! சரி!" ஒவ்வொன்றுக்கும் ஒரு குத்து விழுந்தது மேசையில். தண்ணீர் டம்ளர் உருண்டு கீழே விழுந்தது. அவர் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்த கை மெதுவாக விலகியது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பெண் முதலில் பயந்துதான் போனாள். பிறகு மேசையையும் அவர் கையையும் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"அம்மா, கவனிச்சீங்களா? வலது கை. ஆஸ்பத்திரியில சேர்ந்தப்ப விரலைக்கூட அசைக்க முடியலைன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு, கை வலிமைக்கு முழு மதிப்பெண் போட்டாள்.